ஒரு நெடுங்கால் ஈ புதிய சிற்றினம் ஆவது எப்படி

சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளில் கிடைத்த இரண்டு நெடுங்கால் ஈக்கள் 2014-இல் பெயர் பெற்றன: ங்கிராஃபியம் செருலியம், ங்கிராஃபியம் சிவசோதியி. விவரித்தவர்கள் பேட்ரிக் குரூட்டார்ட்டும் புண்ணியமூர்த்தியும். அவை சேர்ந்த பேரினமே 2002-இல்தான் உருவானது. அதையும் அதே சிங்கப்பூரின் ஈக்களை வைத்துத்தான் நீல் எவன்ஹூயிஸும் குரூட்டார்ட்டும் நிறுவினார்கள். அடுக்குமாடிகளும் துறைமுகமும் நெருக்கியடிக்கும் ஒரு தீவில் பேரினம் அளவுக்குப் புதியது கிடைப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். நெடுங்கால் ஈக்களின் குடும்பமான டோலிகோபோடிடேயோடு பழகியவர்களுக்கு அப்படி இல்லை. பெயரிடப்பட்டவை மட்டுமே ஏழாயிரத்துக்கு மேல். வெப்பமண்டலத்தில் கவனமாக வலை கட்டினால் பெயரில்லாதவை விழுந்துகொண்டே இருக்கும்.

ஆக, ஈ கிடைப்பது பெரிய விஷயமில்லை. கிடைத்தது ஏற்கெனவே பெயருள்ள எதுவும் இல்லை என்று காட்டுவது ஒரு வேலை. நம்மை நேரில் கேட்க வழியில்லாத ஒருவர் எண்பது ஆண்டு கழித்து இன்னொரு ஈயைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அதுதான்" அல்லது "இது அது இல்லை" என்று முடிவு செய்யும்படி எழுதி வைப்பது இன்னொரு வேலை. விவரிப்புக் கட்டுரையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் படமும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் இருக்கிறது.

இந்த ஈயைப் பார்க்காதவர் குறைவு, பெயர்தான் தெரிந்திருக்காது. தோட்டத்தில் வாழை இலை மேலோ சேம்பு இலை மேலோ, நான்கைந்து மில்லிமீட்டர் நீளத்தில், பச்சையும் பொன்னுமாக மினுங்கிக்கொண்டு, மெல்லிய நீண்ட கால்களில் உடலைத் தூக்கி நிற்கும். நிழல் பட்டதும் சட்டென்று நழுவிப்போய், சில நொடிகளில் அதே இலைக்குத் திரும்பும். நம் ஊர்ப் பக்கம் இப்படிக் கண்ணில் படுபவை பெரும்பாலும் கிரைசோசோமா, காண்டிலோஸ்டைலஸ் போன்ற பேரினங்கள். வளர்ந்த ஈக்கள் வேட்டையாடிகள். சிலந்திப்பேன், அசுவினி, கொசுப்புழு போன்ற மெல்லுடலிகளை வாய்மடலால் நசுக்கி உறிஞ்சும். புழுக்களும் அநேகமாக வேட்டையாடிகளே. மெடெடெரா பேரினத்துப் புழுக்கள் மரப்பட்டைக்கு அடியில் பட்டை வண்டின் புழுக்களைத் தின்கின்றன. திரிப்டிகஸ் மட்டும் வழி தவறிய பிள்ளை, அதன் புழு செடியின் தண்டைக் குடைந்து வாழும். ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த உதவுமா என்று அதில் ஒரு சிற்றினத்தை ஆராய்ந்தும் இருக்கிறார்கள்.

குடும்பத்தை உறுதி செய்ய இறக்கையே போதும். பல ஈக்களில் இறக்கையின் நடுவில் தனித்தனியாக இருக்கும் இரண்டு அறைகள் இங்கே இடை நரம்பு இல்லாமல் ஒன்றாகிவிடும். முன் குறுக்கு நரம்பு இறக்கையின் அடிக்கு மிக நெருங்கி நிற்கும். ஆணில் வயிற்று முனை கீழ்ப்புறமாக முன்னோக்கி மடங்கியிருக்கும். இது வரை ஒரு மாணவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பேரினத்தில்தான் சிக்கல் தொடங்கும்.

பிடிப்பதற்குப் பரவலாகப் பயன்படுவது மலேஸ் வலை. ரெனே மலேஸ் என்ற சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் 1930-களில் வடிவமைத்த கூடாரம் அது. நடுத்திரையில் மோதும் பூச்சி மேல்நோக்கி ஏறும், உச்சியில் உள்ள புட்டியில் விழும். அலையாத்தியில் கட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின் மட்டத்துக்கு மேலே கூடாரத்தின் அடி விளிம்பு இல்லாவிட்டால் துணி சேற்றில் சுருண்டு போகும். புட்டியில் 95 விழுக்காடு எத்தனால் ஊற்றுவது இப்போதைய வழக்கம். உருவத்தைப் பார்க்க மட்டும் என்றால் 70 விழுக்காடு போதும், ஆனால் அதில் டி.என்.ஏ. சிதையும். 95-இல் டி.என்.ஏ. நிற்கும், ஈ விறைத்துக் கால் ஒடியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆகவே புட்டியை உச்சி வரை நிரப்பி, குலுங்காமல் எடுத்துச் செல்வார்கள். வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் ஆவியாகியும் மழை இறங்கியும் செறிவு குறைந்துவிடும்.

சேற்றின் மேலும் தண்ணீர்ப் பரப்பிலும் ஓடும் சிற்றினங்கள் கூடாரத்தில் குறைவாகவே விழும். அவற்றுக்கு மஞ்சள் தட்டு வைக்க வேண்டும்: தண்ணீர், பரப்பு இழுவிசையை உடைக்க இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம், அதிக நேரம் விடுவதானால் ஒரு கை உப்பு. மரத்தண்டில் தலை மேலாக நிற்கும் மெடெடெரா தட்டுக்கும் வராது, அதைத் தண்டிலேயே குழாயைக் கவிழ்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரே முறையில் பிடித்துவிட்டு "இந்த இடத்தில் இவ்வளவுதான்" என்று எழுதுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

புட்டிக்குள் போடும் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. லேசர் அச்சில் எடுத்த சீட்டை எத்தனாலில் போட்டால் சில மாதங்களில் எழுத்து உரிந்து அடியில் கருப்புத் துகளாகக் கிடக்கும். இடம் தெரியாத ஈயை வைத்து எந்தப் புதிய சிற்றினத்தையும் ஒழுங்காக விவரிக்க முடியாது. பென்சில் அல்லது நிறமி மை, அமிலமில்லாத கனத் தாள்: இந்தச் சின்ன விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

எத்தனாலில் இருந்து எடுத்த ஈயை அப்படியே காற்றில் உலர விட்டால் கண்ணும் உணர்கொம்பும் முகமும் உள்வாங்கிவிடும். நெடுங்கால் ஈக்களில் முகத்தின் அகலமும் உணர்கொம்பின் மூன்றாம் கணுவின் வடிவமும் முக்கிய அடையாளங்கள் என்பதால் இது அலங்காரப் பிரச்சினை இல்லை. எச்.எம்.டி.எஸ். என்ற கரைப்பானில் ஊறவைத்து உலர்த்துவார்கள், வசதி உள்ள இடத்தில் மாறுநிலைப் புள்ளி உலர்த்தியைப் பயன்படுத்துவார்கள். உலர்ந்த பிறகுதான் முகத்திலும் மார்பிலும் படிந்திருக்கும் வெள்ளி நிற நுண்தூசிப் பூச்சு தெரியும். ஈரத்தில் அது கண்ணுக்கே படாது. நனைந்த ஈயைப் பார்த்து "முகம் பளபளக்கும் பச்சை" என்று எழுதியவர், உலர்ந்த ஈயைப் பார்த்து "முகம் வெள்ளித்தூசி படிந்தது" என்று எழுதியவரின் ஈயிலிருந்து தன்னுடையது வேறு என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எந்த நிலையில் பார்த்தோம் என்பதைக் கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆணில்தான் எல்லாம்

இந்தக் குடும்பத்தில் சிற்றினங்களைப் பிரிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் ஆணிடம் இருக்கின்றன. பெண்ணைக் கவர ஆண் காட்டும் அலங்காரங்கள் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும்: முன்காலில் தட்டையாக விரிந்த பாதக் கணு, நடுக்காலில் கொடி போன்ற கறுப்பு மயிர்க்கற்றை, உணர்கொம்பு முள்ளின் நுனியில் சின்னத் துடுப்பு, இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு, வீங்கிய டிபியா (தொடைக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட கால் பகுதி). ஒரு சிற்றினத்தின் ஆணில் இருக்கும் கொடி, மிக நெருங்கிய இன்னொன்றில் வேறொரு காலில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பெண்களோ பெரும்பாலும் ஒன்று போலவே தெரியும். ஆணின் பாதம் ஒடிந்து போனால் அந்த மாதிரி பாதி மதிப்பை இழந்துவிடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த அலங்காரங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரிசோனாவில் கிடைத்த எரெபோமியா எக்சாலோப்டெரா நல்ல உதாரணம். ஜஸ்டின் ரன்யனும் ரிச்சர்ட் ஹர்லியும் 2004-இல் விவரித்தது. இதன் ஆணில் இடது இறக்கையும் வலது இறக்கையும் வடிவத்தில் வேறுபடுகின்றன, அதுவும் எல்லா ஆண்களிலும் ஒரே திசையில். ஒரே ஓர் ஆண் மட்டும் கிடைத்திருந்தால் கூட்டிலிருந்து வெளிவரும்போது இறக்கை சரியாக விரியவில்லை, ஊனம் என்றுதான் எவரும் ஒதுக்கிவைத்திருப்பார்கள். ஒற்றை மாதிரியை வைத்துப் புதிய சிற்றினம் எழுதக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அரிய சிற்றினங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஒற்றை மாதிரியில் எது இயல்பு, எது விபத்து என்று சொல்ல வழியில்லை என்பதை எழுதுபவர் மறக்கக்கூடாது. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ இன்னொரு பொறி. அதன் கால்கள் வெளிறி, உலோகப் பச்சை முழுதாக ஏறாமல் இருக்கும். அதைப் பார்த்து "கால்கள் முழுவதும் மஞ்சள்" என்று எழுதினால், நாளைக்கு முதிர்ந்த ஈயோடு வருபவர் குழம்புவார்.

கடைசி வார்த்தை ஆணின் இனப்பெருக்க உறுப்புத் தொகுதிக்கு. ஹைப்போபைஜியம் என்று சொல்லும் இந்தக் கூடு பல சிற்றினங்களில் கடுகில் பாதிகூட இருக்காது. அதைப் பார்க்கும் முறை இப்படி. வயிற்றின் பின்பகுதியை மெல்லிய ஊசி முனையால் பிரித்தெடுத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, வெந்நீரில் நிறுத்திய குப்பியில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் அறை வெப்பத்தில் ஓர் இரவு. கரைசலைக் கொதிக்க விடக்கூடாது. தசை கரைந்து, கரும்பழுப்பாக இருந்த கூடு தேன் நிறத்துக்கு வந்ததும் எடுத்து, ஒரு துளி அசெட்டிக் அமிலம் கலந்த தண்ணீரில் கழுவி, குழி உள்ள கண்ணாடித் தகட்டில் கிளிசரினுக்கு மாற்ற வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் மெல்லிய மடல்கள் ஒளி ஊடுருவி விளிம்பே தெரியாமல் போகும், முட்கள் அடியோடு கழன்றுவிடும். பிறகு எத்தனை முள் இருந்தது என்பதை முள் நின்ற குழிகளை எண்ணித்தான் சொல்ல முடியும். குறைந்தால் உள்ளே தசை மேகம் போல மறைக்கும். குறைந்ததைத் திரும்பக் கரைசலில் போடலாம், கூடியதை ஒன்றும் செய்ய முடியாது.

கிளிசரினில் பக்கவாட்டாகக் கிடத்தினால் எபாண்ட்ரியம் என்ற குமிழ் போன்ற உறை தெரியும். அதன் விளிம்பிலிருந்து நீளும் சிறு மடல்கள், சர்ஸ்டைலஸ் என்ற இணைக் கவ்விகள், செர்கஸ் என்ற இணைத் தகடுகள், நடுவில் ஃபாலஸும் அதைத் தாங்கும் ஹைபாண்ட்ரியமும். செர்கஸ் ஒரு பேரினத்தில் குட்டையான முக்கோணமாக இருக்கும், இன்னொன்றில் விளிம்பெல்லாம் பற்கள் கொண்ட வட்டத் தகடு, வேறொன்றில் வயிற்றின் பாதி வரை நீளும் நாடா. சிற்றினங்களுக்கு இடையே வித்தியாசம் பெரும்பாலும் செர்கஸின் கிளைகளிலும் அவற்றின் நுனி முட்களிலும், சர்ஸ்டைலஸின் வளைவிலும் இருக்கும். ஒரு சிக்கல்: இந்தத் தொகுதி வளர்ச்சியின்போது திரும்பி, பிறகு முன்னோக்கி மடங்கியும் விடுகிறது. எனவே எதை முதுகுப்புறம் என்பது, எதை வயிற்றுப்புறம் என்பது என்பதில் பழைய ஆசிரியர்களும் புதியவர்களும் ஒத்துப்போவதில்லை. நாம் எந்த முறையைப் பின்பற்றுகிறோம் என்று ஒரு வரி எழுதாவிட்டால் படத்தையே தலைகீழாகப் படிப்பார்கள். இடதுபுறத் தோற்றத்தை வரைவது வழக்கம். ஒப்பிட வசதி அதனால்தான். புகைப்படம் மட்டும் போதும் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். அடுக்குக் குவியப் புகைப்படம் நிறத்தையும் தோற்றத்தையும் அழகாகக் காட்டும், ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக ஒளி ஊடுருவும் மடல்களில் எது மேலே, எது கீழே என்பதை ஒரு கோட்டுச் சித்திரம் சொல்வது போல எந்தப் படமும் சொல்லாது. இரண்டும் வேண்டும்.

பார்த்து முடித்த பிறகு அந்தச் சிறு கூட்டைக் கிளிசரின் நிரம்பிய நுண்குப்பியில் இட்டு, அதே ஈயின் ஊசியிலேயே குத்தி வைக்க வேண்டும். வேறு பெட்டியில் வைத்தால் ஒரு நாள் இரண்டும் பிரிந்துவிடும்.

கால் முள்ளும் எண்களும்

கால் முட்களின் இருப்பிடத்தைச் சொல்லப் புதிதாக வருபவர் திணறுவார். காலை உடலுக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில் நேராக நீட்டியிருப்பதாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது முன்னே தெரிவது முன்புறம், மேலே தெரிவது முதுகுப்புறம், மற்றவை அதன்படி. ஈ உண்மையில் காலை எப்படி மடக்கி வைத்திருக்கிறது என்பது பொருட்டில்லை. "நடுக்கால் டிபியாவில், மேல்-முன் வரிசையில், கால் பங்கிலும் பாதியிலும் இரண்டு வலுவான முட்கள்" என்பது போல இடமும் எண்ணிக்கையும் சேர்ந்து வர வேண்டும். மார்பின் மேல் உள்ள முள் வரிசைகளையும் இப்படியே எண்ண வேண்டும். நடுவரிசை ஒற்றையா, இரட்டையா, இல்லவே இல்லையா என்பது பேரின அளவிலேயே முக்கியம்.

கணுக்களின் நீள விகிதத்தை ஒரு சரமாகத் தருவார்கள்: தொடை, டிபியா, பின் ஐந்து பாதக் கணுக்கள். நடுக்கால் 4.8, 5.9, 3.4/1.2/0.9/0.6/0.4 என்பது அந்த வடிவம் எப்படி இருக்கும் என்று காட்ட மட்டும். இறக்கையில் குறுக்கு நரம்பின் நீளத்துக்கும், அதற்குப் பின் நீளும் நரம்புத் துண்டுக்கும் உள்ள விகிதம் பயனுள்ளது, ஏனென்றால் ஈயின் அளவு மாறினாலும் விகிதம் பெரிதாக மாறாது. உடல் நீளத்தை நம்பிச் சிற்றினத்தைப் பிரிக்கக்கூடாது. வயிறு சுருங்குவதும் உப்புவதும் பாதுகாத்த முறையைப் பொறுத்தது. இறக்கை நீளம் அதைவிட நம்பகமானது. எத்தனை ஈக்களை அளந்தோம் என்பதை எழுதி, குறைந்த அளவும் கூடிய அளவும் தர வேண்டும்.

பழைய பெயர்களோடு மல்லுக்கட்டுவது

ஒரு விவரிப்பில் அதிக நேரம் தின்னும் பகுதி இதுதான், வெளியே யாருக்கும் தெரியாத பகுதியும் இதுதான். யாங் குழுவினர் 2006-இல் வெளியிட்ட உலகப் பட்டியலில் இருந்து தொடங்கி, அந்தப் பேரினத்தில் அந்த நிலப்பகுதியிலிருந்து பெயரிடப்பட்ட ஒவ்வொன்றின் முதல் விவரிப்பையும் தேடிப் படிக்க வேண்டும். தென்கிழக்கு, தெற்கு ஆசியாவுக்கு என்றால் 1922-இல் இந்தோ-ஆஸ்திரேலியப் பகுதி முழுவதற்கும் பெக்கர் ஜெர்மன் மொழியில் எழுதியதைத் தவிர்க்க முடியாது. அதற்குப் பின் ஆக்டேவ் பாரென்ட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிக் குவித்த கட்டுரைகள். பழைய விவரிப்புகளில் சில ஐந்தாறு வரிகள்தான்: பச்சை, கால் மஞ்சள், ஒரு பெண், இன்ன ஊர். இனப்பெருக்க உறுப்பின் படம் இருக்காது. அந்த வரிகள் நம் ஈக்கும் பொருந்தும், இன்னும் இருபது ஈக்கும் பொருந்தும்.

அப்படி வரும்போது ஒரே வழி, அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் மூல மாதிரியைப் பார்ப்பது. அது லண்டனிலோ பாரிசிலோ வியன்னாவிலோ இருக்கும். நேரில் போக வேண்டும், அல்லது பொறுப்பாளரிடம் குறிப்பிட்ட கோணங்களில் படம் கேட்க வேண்டும். சில இல்லாமலே போய்விட்டன. 1956-இல் புடாபெஸ்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிடித்த தீயில் ஈத் தொகுப்பின் பெரும்பகுதி எரிந்துபோனது. மூல மாதிரி அழிந்து, விவரிப்பும் தெளிவில்லாமல் இருந்தால், அதே இடத்தில் மறுபடி பிடித்துப் புதிய மூல மாதிரி ஒன்றை விதிப்படி நிறுவலாம். அதுவும் முடியாவிட்டால் அந்தப் பெயர் அடையாளம் தெரியாத பெயராகத் தொங்கிக்கொண்டே இருக்கும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து வெளியாகும் கட்டுரைகள்தான் பிற்காலத்தில் ஒரே ஈக்கு இரண்டு பெயர் என்ற குப்பையைச் சேர்க்கின்றன.

டி.என்.ஏ. எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது? ஒரு காலை எடுத்தோ, ஈ முழுவதையும் சிதைக்காமல் ஊறவைத்தோ, சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டைப் படிப்பது வழக்கம். அலங்காரம் இல்லாத காலாகப் பார்த்து எடுக்க வேண்டும், அதையும் எப்போதும் வலதுபுறத்திலிருந்து எடுத்தால் வரைவதற்கான இடதுபுறம் முழுசாக இருக்கும். பார்கோடு எனப்படும் இந்தத் துண்டின் பெரிய பயன் பெண்ணை ஆணோடு சேர்ப்பது. முன்பெல்லாம் ஒரே வலையில் விழுந்தன என்பதற்காக இரண்டையும் ஒரு சிற்றினம் என்று எழுதினார்கள், தவறாகவும் எழுதினார்கள். இன்னொரு பயன் அளவு. சிங்கப்பூரில் ரூடால்ஃப் மெயர் குழுவினர் லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளை இப்படிப் படித்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களாகப் பிரித்து 2021-இல் வெளியிட்டார்கள். அலையாத்தியின் பூச்சி வளம் எவ்வளவு என்பது அதில்தான் முழுதாகத் தெரிந்தது. அவ்வளவையும் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பிரிப்பது நடக்கிற காரியமில்லை.

ஆனால் "மூன்று விழுக்காடு வேறுபட்டால் தனிச் சிற்றினம்" என்று கோடு போட்டுவிட முடியாது. அண்மையில் பிரிந்த சிற்றினங்களில் வேறுபாடு அதைவிடக் குறைவாக இருக்கும். தொலைவில் வாழும் ஒரே சிற்றினத்தின் கூட்டங்களில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தொற்றினால் தாய்வழி மரபணு ஒரு சிற்றினத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பரவியிருக்கலாம். உயிரணுவின் உட்கருவுக்குள் குடியேறிய அந்த மரபணுவின் பழைய பிரதி ஒன்றை நாம் தவறிப் படித்திருக்கலாம். செர்கஸ் ஒன்று சொல்லி, பார்கோடு வேறொன்று சொன்னால், கட்டுரையை நிறுத்திவிட்டு இன்னும் மாதிரிகளைத் தேடுவதே சரி. இரண்டும் ஒரே திசையில் காட்டும்போதுதான் புதிய சிற்றினம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

எழுதும்போது விவரிப்பு வேறு, வேறுபாட்டுக் குறிப்பு வேறு. விவரிப்பு தலை, மார்பு, கால், இறக்கை, வயிறு, இனப்பெருக்க உறுப்பு என்ற வரிசையில் தந்தி வாசகங்களாக ஓடும். அதே பேரினத்தின் எல்லாச் சிற்றினங்களுக்கும் அதே வரிசை. வேறுபாட்டுக் குறிப்பு நான்கைந்து வரிதான், ஆனால் அதுதான் உயிர். "மிக நெருங்கிய இன்னதில் செர்கஸ் நுனி பிளவுபட்டது, இதில் முழுமையானது, அதில் நடுக்காலின் முதல் பாதக் கணு டிபியாவில் பாதி, இதில் மூன்றில் ஒன்று" என்று நேருக்கு நேர் வைக்க வேண்டும். "பல அம்சங்களில் வேறுபடுகிறது" என்று எழுதுபவர் ஒன்றையும் சொல்லவில்லை. இது நடை பற்றிய அபிப்பிராயம் மட்டுமில்லை. 1930-க்குப் பின் வெளியான எந்தப் பெயரும் செல்லுபடியாக, வேறுபடுத்திக் காட்டும் பண்புகளைச் சொற்களில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அப்படிச் சொன்ன வெளியீட்டைச் சுட்டியிருக்க வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நிபந்தனை.

அந்த விதித்தொகுப்பு இன்னும் சிலவற்றைக் கேட்கிறது. 1999-க்குப் பின் வெளியாகும் பெயருக்கு, ஹோலோடைப் என்ற ஒற்றை மூல மாதிரி எது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அது எந்தத் தொகுப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். நெடுங்கால் ஈயில் அது ஆணாக, கால்கள் முழுசாக உள்ளதாக இருப்பதே புத்திசாலித்தனம். கூட்டத்திலேயே பெரியதையோ விசித்திரமானதையோ தேர்ந்தெடுக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். மற்ற மாதிரிகள் பாராடைப். அவற்றை இரண்டு மூன்று அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் புடாபெஸ்டில் நடந்தது போல எல்லாம் ஒரே இடத்தில் போகாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், 2012-இல் வந்த திருத்தத்தின்படி கட்டுரையை ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, பதிந்ததற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் கட்டுரை இருக்கும், பெயர் சட்டப்படி இல்லாததாகிவிடும். கட்டுரை வரும் முன்னரே செய்தித்தாளிலோ ஆய்வேட்டிலோ பெயரைக் கசிய விடுவதும் இதே மாதிரியான தலைவலி: விவரிப்பில்லாத வெற்றுப் பெயராக அது சுற்றத் தொடங்கும்.

பெயர்ச்சொல் இலக்கணமும் உண்டு. பண்புப் பெயர் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ங்கிராஃபியம் லத்தீனில் அஃறிணை போன்ற மூன்றாம் பால், அதனால் நீலம் என்ற பொருளில் செருலியம். அதே சொல் மெடெடெராவில் பெண்பாலாகச் செருலியா ஆகும், டோலிகோபஸில் ஆண்பாலாகச் செருலியஸ் ஆகும். ஒருவரைச் சிறப்பித்து வைத்தால் ஆறாம் வேற்றுமை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அலையாத்திப் பணிக்கு அறியப்பட்ட சிவசோதியின் பெயரோடு ஆண்பால் ஒருமை உருபான இகரம் சேர்ந்து சிவசோதியி ஆனது. பெண்ணின் பெயரென்றால் வேறு உருபு, பலர் என்றால் இன்னொன்று. விவரித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் அநேகமாக யாரும் செய்வதில்லை.

மாதிரியே இல்லாமல், படத்தை மட்டும் வைத்துப் பெயரிடலாமா என்ற சண்டையும் ஈக்களை வைத்தே பெரிதாக வெடித்தது. ஸ்டீவன் மார்ஷலும், மேலே சொன்ன அதே எவன்ஹூயிஸும் 2015-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மார்லியிமியா சைலோகோபே என்ற தேனீ ஈயைப் புகைப்படங்களை வைத்து விவரித்தார்கள். நூற்றுக்கணக்கான வகைப்பாட்டியலாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விதித்தொகுப்பு அதை முற்றாகத் தடை செய்யவில்லை. 2017-இல் பெயரிடல் ஆணையம், மாதிரியைப் பாதுகாக்காமல் பெயரிடுவோர் என்னென்ன விளக்கம் தர வேண்டும் என்று பரிந்துரைகளைச் சேர்த்தது. அந்தத் தேனீ ஈயின் தோற்றம் தனித்துவமானது, படமே ஓரளவு பேசிவிடும். நெடுங்கால் ஈயில் அந்த வாதம் எடுபடாது. செர்கஸைக் காரத்தில் ஊறவைக்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத குடும்பம் இது. இலை மேல் நிற்கும் ஈயின் அழகான படம் பேரினம் வரை கொண்டுபோகும், அதற்கு மேல் ஊகம்தான்.

இந்தியாவில் பிடித்த ஈயானால் இன்னொரு கடமை சேர்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, புதிதாகக் கண்டறியப்பட்ட எந்த வகையையும் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட காப்பகம், தலைமையகம் கொல்கத்தாவில். அந்தச் சட்டத்தை நிர்வகிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் வலை கட்ட வனத்துறையின் அனுமதி தனி. மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அனுமதி தேடுவது வேலைக்கு ஆகாது. எந்தத் தொகுப்பில் எது வைக்கப்படும் என்பதைப் பிடிக்கப் போகும் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கட்டுரை வெளியான பிறகும் பெயர் உறுதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பின்னால் வரும் ஒருவர் ஏதோ ஒரு அருங்காட்சியகப் பெட்டியில் பழைய மூல மாதிரி ஒன்றின் வயிற்று முனையைப் பிரித்துப் பார்த்து, நம் செர்கஸும் அதுவும் ஒன்றே என்று காட்டினால், முந்திய பெயர் நிற்கும், நம்முடையது அதன் மறுபெயராக இறங்கும். பேரினங்களின் எல்லையை மறுபரிசீலனை செய்யும்போது சிற்றினம் வேறு பேரினத்துக்கு மாறும், பண்புப் பெயரானால் ஈற்றெழுத்தும் கூடவே மாறும். அந்த முடிவுகளையெல்லாம் எடுக்கப்போகிறவர் நம் கட்டுரையில் முதலில் தேடுவது முகப்புப் படத்தை இல்லை. ஹோலோடைப்பின் பதிவு எண்ணையும், செர்கஸின் இடதுபுறக் கோட்டுச் சித்திரத்தையும்தான்.